துருக்கியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



"நாளைக்குப் பள்ளி இல்லை" என்று ஆசிரியர் சொன்னவுடன் வகுப்பில் எழும் ஆரவாரத்திற்கு மொழி கிடையாது. அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அந்த விடுமுறை நாளை ஒரு குடும்பம் எப்படிக் கழிக்கிறது என்று பார்க்கப் போனால், அந்த நாட்டின் பழக்கமும் வரலாறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இன்று நாம் துருக்கி நாட்டுக்குப் போய், சிறு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு வருவோம்.

துருக்கியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் உடனே ஓடிவிட முடியாது. கொடியின் முன் வரிசையாக நின்று நாட்டுப்பண் பாட வேண்டும். அதன் பிறகுதான் வீடு. திங்கட்கிழமை காலை மீண்டும் அதே இடம், அதே பாட்டு. இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவில் உள்ள காலமே அவர்களுடைய வார விடுமுறை.

இந்த விடுமுறை எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததில்லை. துருக்கி குடியரசான மறு ஆண்டு, அதாவது 1924-இல், பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் வெள்ளிக்கிழமையை வார ஓய்வு நாளாகச் சட்டம் வகுத்தது. ஐரோப்பாவோடு வணிகமும் வங்கித் தொழிலும் நடத்துவதற்கு அது இடையூறாக இருக்கிறது என்று, 1935-இல் ஓய்வு நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணியிலிருந்தே அந்த ஓய்வு தொடங்கும் என்றும் விதித்தார்கள். பின்னாளில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சனிக்கிழமை முழு விடுமுறையாயிற்று. கடைகளிலும் பட்டறைகளிலும் உழைப்போருக்கு நிலைமை வேறு. 2003-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி வாரத்திற்கு 45 மணி நேர வேலை. அதை ஆறு நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளும் இடங்களே மிகுதி. ஆகவே பிள்ளைக்கு இரண்டு நாள் விடுமுறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள்.

கிழமைகளின் பெயர்களையும் ஒரு கை பார்த்துவிடுவோம். வெள்ளிக்கு 'ஜுமா', சனிக்கு 'ஜுமார்தெசி', அதாவது ஜுமாவுக்கு மறுநாள். ஞாயிறு 'பஸார்', திங்கள் 'பஸார்தெசி', பஸாருக்கு மறுநாள். 'பஸார்' என்றால் அங்கே சந்தையும் அதுதான், ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். பாரசீகத்தில் பிறந்த இந்தச் சொல் மலாய் மொழியில் பாசார் ஆயிற்று. தமிழில் பஜார் ஆயிற்று. நம் வீட்டுப் பெண்கள் மாலையில் பாசார் மாலாம் போகும்போது, தாங்கள் உச்சரிப்பது இஸ்தான்புல்காரரின் ஞாயிற்றுக்கிழமையை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, வீட்டுக்குள் போவோம்.

இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உஸ்குதார் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். அம்மா துணி தைக்கும் பட்டறைக்குப் போகிறார். மூத்த மகளுக்கு ஏழு வயது, முதல் வகுப்பு. இளையவனுக்கு நான்கு வயது. அப்பாவைப் பெற்ற பாட்டி இரண்டு தெரு தள்ளி வாழ்கிறார். கிழமை நாட்களில் பேரனைப் பார்த்துக்கொள்பவர் அவரே. மாதம் ஜனவரி என்று கொள்வோம். நல்ல குளிர்.

2016-ஆம் ஆண்டிலிருந்து துருக்கியில் குளிர்காலத்திற்கென்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதில்லை. ஆகவே ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலை எட்டு மணி கடந்த பிறகே சூரியனைப் பார்க்கலாம். கிழமை நாட்களில் பிள்ளைகள் பலர் இருட்டிலேயே பள்ளிக்கு நடக்கிறார்கள். ஞாயிறன்று பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று நினைப்பார்கள். ஆனால் பள்ளி நாளில் எட்டு முறை எழுப்பினாலும் எழாத பிள்ளை, விடுமுறை நாளில் யாரும் எழுப்பாமலே எழுந்து அம்மாவின் போர்வையை இழுக்கும். இது துருக்கிக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

முதல் வேலை ரொட்டி வாங்குவது. சூடான ரொட்டி வேண்டும் என்பதால் அப்பாவும் மகளும் கீழே இறங்கி ரொட்டிக் கடைக்குப் போகிறார்கள். திரும்பி வரும் வழியிலேயே ரொட்டியின் முனை காணாமல் போய்விடும். மகளின் வாய் அசைந்துகொண்டிருக்கும். அந்த மக்களுக்கு ரொட்டி வெறும் தீனி அன்று. ஒரு துண்டு தரையில் விழுந்துவிட்டால், எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாத உயரமான இடத்தில் வைப்பார்கள். மாடியில் இருக்கும் மூதாட்டிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. சன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். மளிகைக் கடைக்காரர் அதில் பொருளை வைப்பார். கூடை மேலே ஏறும். இஸ்தான்புல்லின் பழைய தெருக்களில் இதை இன்னமும் காணலாம்.

காலை உணவுக்குத் துருக்கி மொழியில் 'கஹ்வால்தி' என்று பெயர். சொல்லைப் பிரித்தால் 'காப்பிக்கு முன்' என்று பொருள்படும். காப்பி குடிக்குமுன் வயிற்றில் போட்டுக்கொள்வது. மற்ற நாட்களில் அவசரமாக எதையோ விழுங்கிவிட்டு ஓடுகிறவர்கள், ஞாயிறன்று இந்தக் கஹ்வால்திக்கு இரண்டு மணி நேரம்கூட உட்காருவார்கள். கறுப்பு ஒலிவக் காய், பச்சை ஒலிவக் காய், வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, தேன், அதன் மேல் 'கைமாக்' என்னும் கெட்டிப் பாலேடு, பழப்பாகு, அவித்த முட்டை. சில வீடுகளில் தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி முட்டை உடைத்து ஊற்றிய 'மெனெமென்' சட்டியோடு வந்து நடுவில் அமரும். எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகள். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அத்தனை தட்டுகளையும் பின்னால் கழுவ வேண்டியவர் யார் என்ற கேள்வி நமக்கு எழுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

காப்பியின் பெயரால் உணவு அமைந்தாலும், மேசையில் இருப்பது தேநீர்தான். இங்கே நாம் சற்று நின்று பேச வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள் தேயிலையைக் கண்டும் காணாமல் போக முடியுமா?

துருக்கியர் ஓர் ஆண்டுக்கு ஆளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் தேயிலை பயன்படுத்துகிறார்கள். இதில் உலகில் முதலிடம் அவர்களுக்கே. ஆயினும் நூறாண்டுகளுக்கு முன் அது காப்பி குடிக்கும் நாடு. காப்பி விளையும் ஏமன் முதலிய பகுதிகள் முதல் உலகப் போரோடு கைவிட்டுப் போயின. காப்பியைப் பிற நாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கருங்கடலின் தென்கிழக்குக் கரையில் ரிஸே என்ற ஊர்ப் பக்கம் மழை அதிகம். அங்கே தேயிலை பயிரிட 1924-இல் சட்டம் செய்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் அண்டைப் பகுதியான பாத்துமியிலிருந்து விதை வந்தது. 1947-இல் ரிஸேயில் முதல் தேயிலை ஆலை எழுந்தது.

நமக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அங்கே வெள்ளைக்காரத் துரையும் இல்லை, கங்காணியும் இல்லை, லயமும் இல்லை. ரிஸேயின் தேயிலை பெரும்பாலும் சிறு சிறு குடும்பத் தோட்டங்களில் விளைகிறது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மூன்று முறை கொழுந்து வெட்டுவார்கள். கையால் கிள்ளுவது குறைவு. பை கட்டிய கத்திரிக்கோலால் வெட்டுகிறார்கள். அந்தச் செங்குத்தான சரிவுகளில் நின்று வெட்டுவதும் மூட்டையைச் சுமப்பதும் பெரிதும் பெண்களே. அதில் மட்டும் நம் மலைகளுக்கும் அந்த மலைகளுக்கும் வேறுபாடு இல்லை. குளிர்காலத்தில் தேயிலைச் செடிகள் மேல் பனி கொட்டுகிறது. அந்தப் பனியால் பூச்சித் தொல்லை குறைகிறது என்கிறார்கள்.

தேநீர் தயாரிக்கும் முறையும் தனி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரம். கீழே வெறும் நீர் கொதிக்கும். மேலே உள்ளதில் தேயிலை அந்த ஆவியின் சூட்டில் பதினைந்து இருபது நிமிடம் ஊறும். கண்ணாடிக் குவளையில் முதலில் சாறு, பிறகு வெந்நீர். இடை சிறுத்த, துலிப் பூப் போன்ற சின்னக் குவளை, காதில்லை. விளிம்பைப் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். பால் சேர்ப்பதில்லை. நல்ல நிறம் வந்திருந்தால் 'முயல் இரத்தம்' என்று புகழ்வார்கள்! பிள்ளைகளுக்குத் தனி வகை: கொஞ்சம் சாறு, நிறைய நீர், குளிர்ந்த நீரும் கலந்து வெதுவெதுப்பாக. அதற்குப் 'பாஷா சாய்' என்று பெயர். பாஷா என்றால் தளபதி. நான்கு வயதுத் தளபதி இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களைப் போல ஊதிக் குடிக்கிறான். பிள்ளையை விலக்கி வைக்காமல், அவன் அளவுக்கு ஒரு குவளை தயாரித்து உடன் அமர்த்திக்கொள்ளும் இந்த வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உணவு முடிந்ததும் வீட்டில் புயல் தொடங்கும். ஆறு நாள் சேர்ந்த துணி, தரைவிரிப்பு, சன்னல் திரை. வெளியில் போட்ட செருப்பு வீட்டுக்குள் வராத நாடு அது. வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வேறு செருப்பு அணிகிறார்கள். விருந்தினருக்கென்றும் நாலைந்து சோடி தயாராக இருக்கும். தரை அவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் என்றால் யாராவது குனிந்து துடைத்துத்தானே ஆகவேண்டும்? அந்த 'யாராவது' பெரும்பாலும் அம்மாவே.

இதற்கிடையில் மகள் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவள் மனத்தில் ஒரு சுமை இருக்கிறது. துருக்கிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் தொடங்கியதும், ஆசிரியர் அதன் நெஞ்சில் ஒரு சிவப்பு நாடா குத்திவிடுவது நெடுநாளைய வழக்கம். வகுப்பில் பலருக்கு நாடா வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் வரவில்லை. ஜனவரியின் பிற்பாதியில் மதிப்பெண் அட்டை கொடுத்து இரண்டு வார விடுமுறை விடுவார்கள். அதற்குள் வருமா?

துருக்கி எழுத்து கற்பதற்கு எளிது. மொத்தம் 29 எழுத்துகள். அவற்றில் 8 உயிர். எப்படி எழுதுகிறோமோ அப்படியே வாசிப்பு. அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு அந்நாடு மாறியது 1928-இல். 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலிருந்து முழு வாக்கியத்தில் தொடங்கும் பழைய முறையை விட்டு, ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள். 'எல்' என்றால் கை. 'லாலே' என்றால் துலிப் பூ. இத்தகைய சிறு சொற்களை இரண்டு மூன்று எழுத்துகளைக் கொண்டே அமைத்துவிடலாம். ஆயினும் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் அந்தக் கணம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளில் வருகிறது. அதைத் தேதி வைத்து வரவழைக்க முடியாது.

சிவப்பு நாடா பற்றி நமக்கு இரண்டு மனம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில், சரளமாக வாசிக்கும் பிள்ளைகளின் பெயர்களை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். மற்றவர்களுக்கு அது ஊக்கமளிக்கும் என்று நம்பினோம். ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: அவன் பெயர் சுவரில் இல்லை என்பதை வாசித்து வீட்டில் சொன்னவன் அவனுடைய தம்பி. நான்காம் நாள் அந்தத் தாளைக் கிழித்தோம். நாடா பெற்ற பிள்ளையின் மகிழ்ச்சி உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை.

நண்பகலில் குடும்பம் வெளியே கிளம்புகிறது. உஸ்குதார் துறையில் கப்பலேறினால் சுமார் இருபது நிமிடத்தில் ஐரோப்பியக் கரையில் எமினோனு. ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்திற்குப் பேருந்துக் கட்டணம் போன்ற சிறு தொகைக்குப் போய் வருவது அந்த ஊராருக்குச் சாதாரணம். 1973-இல் முதல் பாலம் வந்தது. 2013-இல் கடலுக்கடியில் இரயிலும் வந்தது. ஆனால் பிள்ளைகளுக்குக் கப்பல்தான் வேண்டும். காரணம் கடற்காக்கைகள். எள் தூவிய வளைய ரொட்டியான 'சிமித்'தைக் கிள்ளி எறிந்தால், பறந்துகொண்டே கவ்வும். வாங்கிய சிமித்தில் பாதி பறவைக்கு, பாதி பிள்ளைக்கு.

உஸ்குதாரை விட்டு நகரும்போது கரையோரம் ஒரு சிறு பாறைத் தீவில் ஒரு கோபுரம் தெரியும். கன்னிக் கோபுரம் என்பார்கள். அப்பா கதை சொல்கிறார். ஓர் அரசனின் மகள் பதினெட்டு வயதில் பாம்பு தீண்டி இறப்பாள் என்று குறி சொன்னார்களாம். நீர் நடுவே கோபுரம் கட்டி அவளைக் காத்தானாம் அரசன். பிறந்தநாளுக்கு வந்த பழக்கூடைக்குள் ஒளிந்திருந்தது பாம்பு. நேயர்களே, பரீட்சித்து மன்னன் கதையை நினைத்துப் பாருங்கள். அங்கும் கட்டுக்காவல், அங்கும் பழம், அங்கும் நாகம். இளையவன் கேட்கிறான்: "பாம்புக்குக் கூடையில் குளிரவில்லையா?" கதை அத்துடன் நின்றது.

எமினோனுவில் புறாக்களுக்குத் தானியம் போட்டுவிட்டு, குல்ஹானே பூங்காவிற்கு நடக்கிறார்கள். ஏப்ரலில் துலிப் பூக்கள் விரிந்து கிடக்கும் இடம். இப்போது மரங்களும் மொட்டை. அந்தப் பூங்காவில்தான் 1928 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு முஸ்தபா கெமால், புதிய எழுத்துகளைப் பற்றி மக்களுக்கு முதன்முதலில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரியில் பெரியவர்களுக்கான எழுத்துப் பள்ளிகள் நாடெங்கும் திறந்தன. தாடி நரைத்தவர்களும், கணக்கெழுதிப் பழகிய கடைக்காரர்களும் கரும்பலகை முன் முதல் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். நேற்று வரை படித்தவராக இருந்தவர், ஒரே நாளில் தன் தெருப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியவரானார். முதல் வகுப்பில் தடுமாறும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்லவேண்டிய கதை இதுவென்று நமக்குத் தோன்றுகிறது.

மாலை பாட்டி வீடு. பாட்டியின் வலக்கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள் பிள்ளைகள். பாட்டி எலுமிச்சை மணக்கும் 'கொலோன்யா'வை எல்லார் உள்ளங்கையிலும் ஊற்றுகிறார். அங்கே அத்தையும் வந்திருக்கிறார். உறவுப் பெயர்களில் துருக்கியர் நம்மைப் போலவே கவனமானவர்கள். அப்பாவின் சகோதரி 'ஹாலா'. அம்மாவின் சகோதரி 'தெய்ஸே'. அப்பாவின் சகோதரர் 'அம்ஜா'. அம்மாவின் சகோதரரோ 'தாயி'. நம் தாய்மாமனின் நினைவு வருகிறதல்லவா? ஒலி ஒற்றுமை தற்செயலே. எல்லாரையும் 'அங்கிள், ஆண்ட்டி' என்று அடக்கிவிடும் பழக்கம் நம் தோட்டத்து வீடுகளிலும் நுழைந்துவிட்ட இந்நாளில், இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பாட்டி இன்று செய்வது மந்தி. பெயரைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. அது குரங்கு அன்று, பலகாரம். மாவை மெல்லியதாகத் தேய்த்துச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கடலைப் பருப்பளவு கொத்திறைச்சி வைத்து, நான்கு முனையையும் சேர்த்துக் கிள்ளி மூட வேண்டும். கய்சேரி ஊரார் ஒரு கரண்டியில் நாற்பது மந்தி நிற்க வேண்டும் என்று பெருமை பேசுவார்கள். வேகவைத்து, பூண்டு சேர்த்த தயிரை ஊற்றி, மேலே மிளகாய்த்தூள் காய்ச்சிய வெண்ணெய், உலர்ந்த புதினா. ஒரு வேளைக்கு நூற்றுக்கணக்கில் கிள்ள வேண்டும் என்பதால் வீட்டில் உள்ள எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். அப்பாவும் உட்காருகிறார். ஏழு வயதுப் பெண் கிள்ளுவது கோணல். நான்கு வயதுக்காரன் கிள்ளுவது உருண்டை. பாட்டி எதையும் பிரித்து ஒதுக்கவில்லை. எல்லாம் ஒரே சட்டியில் வேகின்றன. சுவர்த் தாளில் நாம் செய்யத் தவறியது இதுதான் போலும்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. இனி, துருக்கியில் வளர்ந்த எவரும் மறக்காத ஞாயிறு இரவு. குளியல், நகம் வெட்டுதல், பையில் புத்தகம் அடுக்குதல். வெந்நீர்க் குழாய் இல்லாத நாளில் அடுப்பில் நீர் காய்ச்சிப் பிள்ளைகளை வரிசையாகக் குளிப்பாட்டியதை இன்றைய பெற்றோர் சொல்லிச் சிரிப்பார்கள். நாளைக்குப் பள்ளி என்ற கலக்கம் அந்த ஈரத் தலையோடு சேர்ந்தே அவர்கள் நினைவில் இருக்கிறது.

தெருவில் போஸா விற்பவரின் நீண்ட குரல் கேட்கிறது. தினையைப் புளிக்கவைத்துச் செய்யும் கெட்டியான பானம் போஸா. குளிர்கால இரவுக்கு உரியது. இலவங்கப்பட்டைத் தூளும் வறுத்த கொண்டைக்கடலையும் தூவிக் குடிப்பார்கள். அப்பா கிண்ணத்தோடு கீழே இறங்குகிறார். திரும்பி வந்தவரிடம் மகள் சொல்கிறாள், காலையில் ரொட்டிக் கடைப் பலகையில் இருந்தது 'எக்மெக்' என்ற சொல் என்று. எக்மெக் என்றால் ரொட்டி. தெரிந்து சொன்னாளா, வாசித்துச் சொன்னாளா என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை.

அம்மா படுக்கையருகில் கதையைத் தொடங்குகிறார். நாம் 'ஒரே ஓர் ஊரிலே' என்போம். துருக்கியர் 'இருந்ததாம், இல்லையாம்' என்று தொடங்குவார்கள். கதை பாதியில் இருக்கும்போதே இளையவன் தூங்கிவிட்டான். பிள்ளைகளின் அறை விளக்கு அணைந்த பிறகும் சமையலறை விளக்கு எரிகிறது. காலையில் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. நாளைக்கான நான்கு பேர் உடைகளையும் அம்மா இஸ்திரி போடுகிறார். அப்பா மேல் பாத்திரத்தில் மீதமிருந்த சாற்றில் வெந்நீர் ஊற்றி, ஒரு குவளையைக் கொண்டுவந்து இஸ்திரிப் பலகையின் ஓரத்தில் வைக்கிறார். இன்னும் மூன்று சட்டைகள் பாக்கி இருக்கின்றன.